முதலில் ஆள், பிறகு கார்: டாட்சன் 240இசட்டைப் புதுப்பிக்கும் வழி

1996இல் அமெரிக்காவில் இசட் வரிசைக் கார்களின் விற்பனையை நிறுத்திய நிஸான் நிறுவனம், அந்தப் பெயர் ஆறிப்போகாமல் இருக்க ஒரு காரியம் செய்தது. பழைய டாட்சன் 240இசட் கார்களைத் தேடி வாங்கி, பட்டறையில் முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து, சில டீலர்கள் மூலம் உத்தரவாதத்தோடு விற்றது. இருநூறு கார்கள் என்று திட்டம். ஐம்பதைக்கூட எட்டாமல் அது நின்றுபோனது. ஒவ்வொரு காருக்கும் ஆன செலவு, விற்கும் விலைக்குள் அடங்கவில்லை.

காரைச் செய்த கம்பெனிக்கே கட்டுப்படியாகாத அதே வேலையைக் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுக் கராஜில் செய்து முடிக்கிறார்கள். அவர்கள் தங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். தனியாகச் செய்வதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்தக் காருக்கு வரக்கூடிய ஒவ்வொரு நோயும் ஏற்கெனவே யாரோ ஒருவருக்கு வந்து, மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆட்களை எப்படிப் பிடிப்பது, அவர்கள் துணையோடு வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டாட்சன் என்றதும் நம்மில் பலருக்கு 2014இல் வந்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான சின்னக் 'கோ' கார்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஜாதி. 1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வெளியான இரண்டு பேர் கார். அமெரிக்காவில் நிஸானின் தலைவராக இருந்த யூடகா கதயாமா அந்தப் பெயர் அங்கே எடுபடாது என்று முடிவு செய்து, 240இசட் என்று மாற்றினார். 2,393 சிசி, ஆறு சிலிண்டர், இரட்டைக் கார்புரேட்டர், விலை 3,526 டாலர். ஜாகுவார், போர்ஷ் வாங்க ஆசைப்பட்டு வாங்க முடியாதவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இசட் வரிசையின் இந்த முதல் தலைமுறை 260இசட், 280இசட் என்று வளர்ந்து 1978 வரை ஓடியது.

காருக்கு முன்னால் கூட்டாளி

பெரும்பாலோர் காரை வாங்கி, பிரித்துப் போட்டுவிட்டு, சிக்கிய பிறகுதான் ஆள் தேடுகிறார்கள். தலைகீழ் வரிசை. காரைப் பார்க்கப் போகும்போதே உங்களோடு வர ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவில் பல பெருநகரங்களில் இசட் கார் கிளப் உண்டு. இவற்றை இணைக்கும் இசட் கார் கிளப் அசோசியேஷன் ஆண்டுதோறும் இசட்கான் என்ற பெரிய கூட்டத்தை ஒவ்வோர் ஊரில் நடத்துகிறது. காரே இல்லாமல் போனாலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கப் போவதில்லை. கார் இல்லாமல் போவதே நல்லது என்பேன். பார்ப்பதற்கு நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காபிக் கோப்பையோடு கார்களைச் சுற்றி நிற்கும் கூட்டங்களுக்கு இரண்டு மூன்று முறை போய்வாருங்கள். பளபளக்கும் காருக்குச் சொந்தக்காரரைவிட, நகக்கண்ணில் கிரீஸ் கறுத்த மனிதர் உங்களுக்கு உபயோகமானவர். யார் வெல்டிங் செய்வார், யாருக்குக் கார்புரேட்டர் கைவந்தது, யார் பழைய பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று மூன்று பெயர்கள் தெரிந்துவிட்டால் போதும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. 'என் கார் சரியாக ஓடவில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றாது. கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டில் கார் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். அதை முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் 1970க்கும் 1973க்கும் இடையே சின்னச் சின்ன மாற்றங்கள் ஏராளம். என்ன அறிகுறி, சூடான பிறகா குளிர்ந்தபோதா, இதுவரை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லிப் படத்தையும் காட்டுங்கள். கம்பெனியின் சர்வீஸ் மேனுவல் பிரதி ஆர்வலர்களிடையே தாராளமாகப் புழங்குகிறது. அதைப் படித்துவிட்டு வந்து கேட்பவருக்கு இவர்கள் அரை நாளைக்கூடத் தருவார்கள்.

வாங்குமுன்: துருவைத் தேடுங்கள்

எஞ்ஜின் ஓடாத கார் பரவாயில்லை. துருப்பிடித்த கார்தான் பையைக் காலி செய்யும். இந்த எஞ்ஜின் ஏழு மெயின் பேரிங்குகளோடு வார்ப்பிரும்பு பிளாக்கில் அமைந்தது; அடிக்கடி ஆயில் மாற்றியிருந்தால் நெடுங்காலம் தாங்கும். மெல்லிய தகட்டாலான உடல் அப்படியில்லை. அந்தக் காலத்து ஜப்பானியக் கார்களுக்குத் துருத்தடுப்பு மிகச் சொற்பம். இதில் உடலே சேஸிஸ் என்பதால், தரைத்தகடு போனால் காரின் முதுகெலும்பே போன மாதிரி.

காந்தம் ஒன்று, டார்ச் ஒன்று, முனை மழுங்கிய ஸ்குரூடிரைவர் ஒன்று எடுத்துப் போங்கள். பானட்டைத் திறந்து பாட்டரித் தட்டின் கீழே பாருங்கள். ஐம்பது ஆண்டு ஆசிட் ஒழுகி, தட்டை மட்டுமல்லாமல் அதற்குக் கீழே ஓடும் சட்டத்தையும் தின்றிருக்கும். காரை ஸ்டாண்டில் ஏற்றி, தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களையும் தட்டிக் கேளுங்கள். கதவுக்குக் கீழுள்ள பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழ்மூலை, ஸ்டெப்னிக் குழி, பின்விளக்குகளைச் சுற்றிய தகடு, முன் மட்கார்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது பட்டி. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் மட்கார்டு வழியாக வடிந்தால் சரி. கார் உள்ளே கால்மிதியில் ஒழுகினால், வெளியே தெரியாத இடத்தில் துரு குடியிருக்கிறது.

எண்களையும் சரிபாருங்கள். அமெரிக்காவுக்கு வந்த 240இசட்டின் எண் எச்எல்எஸ்30 என்று தொடங்கும். டேஷ்போர்டின் மேல், எஞ்ஜின் அறையின் பின்சுவர், எஞ்ஜின் அறையில் ஒட்டிய தகடு என மூன்று இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்தத் தகட்டில் எஞ்ஜின் எண்ணும் உண்டு. பிளாக்கின் வலப்புறம், பிளக்குகள் இருக்கும் பக்கம் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். எஞ்ஜின் மாறியிருப்பது குற்றமில்லை, ஆனால் விலை பேச அது ஒரு பிடி.

ஜனவரி 2020இல் 1971ஆம் ஆண்டுக் கார் ஒன்று ஏலத்தில் 310,000 டாலருக்குப் போனது. மிகக் குறைவாக ஓடி அசல் நிலையிலேயே இருந்த கார் அது. விற்பவர்கள் இந்த எண்ணைச் சொல்லித் தங்கள் துருப்பிடித்த காருக்கு விலை ஏற்றுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிரிப்பது

ஒரு பாகத்தையும் கழற்றுமுன் காரை எல்லாக் கோணங்களிலும் படம் எடுங்கள். கதவு இடுக்குகளைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். வெல்டிங்குக்குப் பிறகு அந்தப் படங்கள்தான் சாட்சி. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், அழியாத மை பேனா. ஒரு பையில் ஓர் இடத்தின் போல்ட்டுகள் மட்டும். 'இது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா' என்ற தைரியம் ஆறு மாதம் கழித்து உதவாது.

ஜப்பானியக் காரில் கைவைக்கும் புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. நட்சத்திரத் தலைத் திருகுகள் பார்க்கச் சாதாரண பிலிப்ஸ் மாதிரி இருக்கும். அவை ஜப்பானியத் தர அளவான ஜிஸ் வகை. தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் ஸ்குரூடிரைவரின் முனை அந்தக் குழியில் முழுதாக இறங்காது. பலம் கொடுத்தால் வழுக்கித் தலையை அரைத்துவிடும். ஜிஸ் ஸ்குரூடிரைவர் ஒரு செட் வாங்குங்கள். வெசல் என்ற ஜப்பானியக் கம்பெனியில், பின்னால் சுத்தியலால் தட்டினால் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும் ஒரு வகை உண்டு. கதவுக் கீல், கார்புரேட்டர் மூடித் திருகுகளுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. மொத்த வேலைக்கும் நீங்கள் செலவழிக்கப் போவதில் மிக லாபமான செலவு இதுவாகவே இருக்கும்.

கழற்றிய போல்ட்டுகளைச் சுத்தம் செய்து மஞ்சள் துத்தநாக முலாம் பூசக் கொடுப்பது வழக்கம். தனியே கொடுத்தால் குறைந்தபட்சக் கட்டணமே அதிகம். கிளப்பில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே வாளியில் கொடுத்தால் ஆளுக்குச் சொற்பம். ஆனால் கொடுக்குமுன் உங்கள் போல்ட்டுகளைப் பலகையில் பரப்பி எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

தரைத்தகட்டில் ஒட்டிய தார்ப்பாய்களைச் சுரண்டி எடுப்பது சாபம். அதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி உலர்பனிக்கட்டி. கனமான கையுறை போட்டு அதைப் பாய்மேல் பரப்பிச் சில நிமிடம் விட்டால் தார் விறைத்துவிடும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். உலர்பனி ஆவியாகிக் கார்பன் டை ஆக்சைடாகும் என்பதால் கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், காருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காரக் கூடாது.

உடல் வேலை

டிங்கரிங் வேலையை வெளியில் கொடுப்பதா, தாமே செய்வதா? வெல்டிங் தெரியாவிட்டால், கிளப்பில் தெரிந்தவரோடு சேர்ந்து, உங்கள் காரில் கை வைக்குமுன் பழைய தகடுகளில் சில வாரம் பழகுங்கள். அப்புறமும் தகட்டில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தால் நீங்கள் அரைத்துச் சுத்தம் செய்யுங்கள், அவர் வெல்ட் செய்யட்டும். ஒரே நாளில் கோடு போட்டாற்போல வெல்ட் இழுக்காதீர்கள். மெல்லிய தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். புள்ளிப் புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வையுங்கள்.

தரையையோ கதவுக்குக் கீழுள்ள பகுதியையோ வெட்டுமுன், கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் செய்து உடலைக் கட்டிவிடுங்கள். சக்கரம் தாங்கும் இடங்களிலேயே காரை மட்டமாக நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்து, கதவைப் பூட்டி, இடுக்குப் பழைய படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டியவர்களின் கார்களில் கதவு பிறகு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது.

வெளித்தகடுகளில் மணல் அடிக்க விடாதீர்கள். பானட் அலை அலையாக நெளிந்துவிடும். இரசாயனத்தால் உரித்தால் நல்லது. நிறத்தைப் பற்றி நீண்ட சண்டைகள் நடக்கும். கம்பெனி அடித்த நிறங்களுக்கு எண் உண்டு, 918 என்றால் ஆரஞ்சு. கார் முதலில் என்ன நிறத்தில் இருந்ததோ அதையே அடியுங்கள் என்பது என் கட்சி. கறுப்பு அடித்த 240இசட்டுகளைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அடிப்பகுதி: ஸ்பிண்டில் பின் என்ற வில்லன்

பின்சக்கரத்தின் கீழ்க் கையையும் ஸ்ட்ரட்டின் அடிவார்ப்பையும் இணைத்து நீளமான ஓர் இரும்புத் தண்டு குறுக்கே ஓடுகிறது. அதுதான் ஸ்பிண்டில் பின். ஐம்பது ஆண்டில் அது வார்ப்போடு துருவால் ஒட்டியிருக்கும். ரப்பர் புஷ் மாற்ற வேண்டுமென்றால் இதை உருவியே ஆக வேண்டும். கோபத்தில் முனையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மறை நசுங்கி, முனை காளான் மாதிரி விரிந்து, அப்புறம் எந்த வழியிலும் வராது.

முறை இது. நடுவில் பின்னைப் பூட்டியிருக்கும் சின்னப் பூட்டுத் தண்டை முதலில் எடுங்கள். இதை மறந்து மாய்ந்தவர்கள் நிறைய. ஒரு வாரம் நாள்தோறும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பிறகு மறையில் மாட்டி இழுக்கும் இழுவைக் கருவி. இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வாழ்நாளில் ஒருமுறை பயன்படும் கருவி என்பதால் கிளப்புகளில் இது கை மாறிக்கொண்டே இருக்கும். அதுவும் தோற்றால் புஷ்ஷின் இருபுறமும் பின்னை அறுத்து, மிச்சத்தைப் பிரெஸ்ஸில் தள்ளுவதுதான் வழி. புதிய பின் கைக்கு வந்த பிறகே அறுங்கள். மாட்டும்போது கிரீஸ் தடவி மாட்டுங்கள், அடுத்து கழற்றப்போகிறவர் வாழ்த்துவார்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றுப் பீச்சித் தூசு ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டொயோட்டாவின் எண்பதுகளின் நாலுசக்கர இழுவை டிரக்கின் நாலு பிஸ்டன் காலிப்பர் இதில் முன்பக்கம் பொருந்தும் என்பது ஆர்வலர்கள் கண்டுபிடித்த புகழ்பெற்ற மாற்றம். அமைதியாக ஓட்டப்போகிறவருக்கு அது தேவையில்லை.

எஞ்ஜின்

பல ஆண்டு நின்ற எஞ்ஜினில் சாவியைப் போடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவிட்டு, முன்னால் உள்ள கிராங்க் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. கம்ப்ரெஷன் பார்க்கும்போது எல்லாப் பிளக்கையும் எடுத்து, திராட்டிலை முழுதும் திறந்து வைக்க வேண்டும். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பிரிக்காமலே விடலாம். வேலை செய்யும் எஞ்ஜினை அழகுக்காக ஓவராயில் செய்வது பண விரயம்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் மரத்தில் ஓர் ஆப்பு செதுக்கி, டைமிங் செயினுக்கு நடுவே இறுக்கிய பிறகே கேம் சக்கரத்தை எடுங்கள். ஆப்பு இல்லாவிட்டால் கீழே டென்ஷனர் எகிறி வெளியே வந்துவிடும். அதைத் திரும்ப வைக்க முன்மூடி முழுதும் கழற்ற வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.20 மி.மீ., வெளிவால்வுக்கு 0.25 மி.மீ. தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. கேமைப் புதிதாக்கியிருந்தால் துத்தநாகம் கலந்த ஆயில் விட்டு, முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் இருபது நிமிடம் 2,000 சுற்று வேகத்திலேயே ஓட்டுங்கள். சும்மா ஐடிலில் விட்டால் கேம் தேய்ந்துவிடும்.

கார்புரேட்டர் இரண்டும் எஸ்யூ மாதிரியில் ஹிட்டாச்சி செய்தவை. 1970 முதல் 1972 வரை வந்த உருண்டைத் தலை வகை கிடைத்தால் பொக்கிஷம். 1973இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டைத் தலை வகையோடு மல்லுக்கட்டுவதைவிட, பழைய வகை ஒரு ஜோடியைக் கிளப்பில் கேட்டு வாங்கிவிடுவது மேல். பிரிக்கும்போது முன் கார்புரேட்டரின் பிஸ்டனும் மூடியும் பின்னதோடு கலந்துவிடக் கூடாது. ஜோடி பார்த்துச் செய்தவை. ஜெட்டை இரண்டரைச் சுற்று இறக்கித் தொடங்கி, மேலே டம்பரில் ஆயில் விட்டு, இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று மானி வைத்துப் பார்க்க வேண்டும். இதை எழுத்தில் கற்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒரு மதியம் காட்டித்தர வேண்டும், சத்தத்தைக் கேட்டுப் பழக வேண்டும்.

பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரோடு சலித்தவர்கள் பின்னாளில் வந்த 280இசட்எக்ஸ் காரின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுகிறார்கள். நல்ல மாற்றம்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் வலப் பின்பக்கத்தில் உட்தகட்டுக்குள் மறைந்திருக்கும் ஆவித் தொட்டியின் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். புகை வாடை வந்தால் டிக்கிக் கதவின் ரப்பரையும் பின்விளக்கு கேஸ்கட்டையும் மாற்றுங்கள்.

மின்சாரம்

இங்கே ஒரே ஒரு விஷயம் முக்கியம். ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் ரிலே எதுவும் இல்லாமல் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே ஓடுகிறது. ஸ்விட்ச் கருகும், ஃபியூஸ் பெட்டி உருகும். ரிலே வைத்த தனி வயர் கட்டு போட்டுவிடுங்கள். மற்றபடி எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதிப் பேய் ஓடிவிடும்.

சாலைக்கு

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2305 என்றால் 2005ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டை எவ்வளவு இருந்தாலும் அந்த வயதான டயரில் ஓட்டாதீர்கள். முதல் ஓட்டத்துக்குத் தீயணைப்பான் ஒன்றையும், பின்னால் இன்னொரு காரில் ஒரு நண்பரையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டங்கள், திரும்பி வந்து போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவது, அடியில் என்ன ஒழுகியிருக்கிறது என்று பார்ப்பது. நெடுஞ்சாலை பிறகு.

இவ்வளவு பேர் கைகொடுத்ததற்குக் கணக்கு எப்படித் தீர்ப்பது? வேலைக்கு வந்தவருக்குச் சோறு போடுவது முதல் பாடம்; பிரியாணிக்குக் கிளப்பில் நல்ல மதிப்பு உண்டு. காசு நீட்டினால் பலர் வாங்க மாட்டார்கள். அவர் காரைத் தூக்கும் நாளில் நீங்கள் போய் நில்லுங்கள். இரவல் வாங்கிய கருவியைத் துடைத்து, எண்ணெய் தடவி, சொன்ன தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் கராஜ் மூலையில் மிச்சம் கிடக்கும் வெடித்த டேஷ்போர்டு, வளைந்த பிராக்கெட், கழற்றிய தட்டைத் தலைக் கார்புரேட்டர் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். 1978க்குப் பிறகு இந்தத் தலைமுறைக் கார் எதுவும் ஆலையிலிருந்து புதிதாக வந்ததில்லை. உங்களுக்குக் குப்பையாகத் தெரியும் அந்தப் பிராக்கெட்டின் அளவுக்காக இன்னொருவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். கிளப்பில் சொல்லி, கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிடுங்கள்.